பெர்ஃப் கருவியில் ரெஜிஸ்டர் மதிப்புகள்: உறுப்பினர் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

நிரல்களின் செயல்திறனை அளக்கும் லினக்ஸின் பெர்ஃப் கருவியைக் கொண்டு ரெஜிஸ்டர் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) மதிப்புகளைச் சேகரிப்பது எளிது. சேகரித்தவற்றைச் சரியாகப் படிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பயனர் நிரலின் ரெஜிஸ்டர்களைச் சாம்பிளோடு (அவ்வப்போது எடுக்கும் பதிவோடு) சேர்த்துக் கோப்பில் எழுதும் வசதி லினக்ஸின் மையமான கெர்னலின் 3.7 பதிப்பிலும், குறுக்கீடு நேர்ந்த கணத்தின் ரெஜிஸ்டர்களை எழுதும் வசதி 3.19 பதிப்பிலும் வந்தன. எவையெவை வேண்டும் என்பதை, ஒவ்வொரு பிட்டும் ஒரு ரெஜிஸ்டரைக் குறிக்கும் 64 பிட் எண்ணான மாஸ்க் ஒன்றில் குறித்துக் கொடுக்கிறோம். ஒவ்வொரு சாம்பிளிலும் அந்த மாஸ்க்கில் 1 என அமைந்த பிட்டுகளுக்குரிய மதிப்புகள் மட்டுமே, பெயர் எதுவுமின்றி, ஏறுவரிசையில் இருக்கும். எக்ஸ்86 செயலியில் எஸ்பி (ஸ்டாக்கின் முனையைக் காட்டும் ரெஜிஸ்டர்) 7ஆம் பிட், ஐபி (கட்டளையின் முகவரியைக் காட்டுவது) 8ஆம் பிட் என்பதால், இவ்விரண்டை மட்டும் கேட்டால் மாஸ்க் 384 ஆகும். முதலில் கிடைக்கும் மதிப்பு எஸ்பிக்கு உரியது, அடுத்தது ஐபிக்கு உரியது.

பெர்ஃப் எழுதும் இந்தக் கோப்பை நேரடியாகப் படித்து, ட்வார்ஃப் (கம்பைலர் நிரலோடு சேர்க்கும் பிழைதிருத்தத் தகவல்) துணையோடு ஸ்டாக்கை அவிழ்க்கும், அதாவது எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்று பின்னோக்கிக் கண்டறியும் சிறு நிரல் ஒன்றை அண்மையில் பராமரிக்க நேர்ந்தது. பெரும்பாலான அழைப்புச் சங்கிலிகள் சரியாக வந்தன; சில மட்டும் நடுவில் அறுந்தன. காரணம், ரெஜிஸ்டர்களுக்கு இரண்டும் தரும் எண்கள் வேறுபடுவதே. எக்ஸ்86-இல் பெர்ஃபின் எண்வரிசையில் 1 பிஎக்ஸ், 3 டிஎக்ஸ். ட்வார்ஃபிலோ 1 ஆர்டிஎக்ஸ், 3 ஆர்பிஎக்ஸ் (அதே டிஎக்ஸ், பிஎக்ஸ் ரெஜிஸ்டர்களின் 64 பிட் பெயர்கள்). ஆனால் 4 முதல் 7 வரையுள்ள எஸ்ஐ, டிஐ, பிபி, எஸ்பி ஆகியவை இரண்டிலும் ஒரே எண்ணைப் பெற்றிருக்கின்றன. ஸ்டாக்கை அவிழ்க்கப் பெரும்பாலும் பிபியும் எஸ்பியுமே போதும் என்பதால், எண் மாற்றும் அட்டவணையே இல்லாத நிரல்கூட நெடுநாள் ஒழுங்காக இயங்குவது போலத் தோன்றும். ஆர்8 பெர்ஃபில் 16, ட்வார்ஃபில் 8. பெர்ஃபில் 8 என்றால் ஐபி. வேறொரு ரெஜிஸ்டரை அடித்தளமாகக் கொண்டு ஃபிரேமை (ஸ்டாக்கில் தனக்குரிய பகுதியை) கணக்கிடும் ஃபங்ஷன் வரும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. ஏஆர்எம்64-இல் எக்ஸ்0 தொடங்கி எஸ்பி வரை இரு வரிசைகளும் ஒத்துப்போவதால், அங்கு மட்டும் சோதித்தவர்களுக்கு இது தென்படவே தென்படாது.

மறுமொழி

எனக்கு வியப்பளித்தது ஏஎக்ஸ். சிஸ்டம் காலுக்குள் (நிரல் கெர்னலிடம் சேவை கேட்கும் அழைப்புக்குள்) இருக்கும்போது எடுக்கப்பட்ட சாம்பிள்களில் பயனர் ரெஜிஸ்டர்களைப் பார்த்தால், எந்த அழைப்பாக இருந்தாலும் ஏஎக்ஸ் -38 என்றே வந்தது. எக்ஸ்86-64 கெர்னல் நுழைவாயிலிலேயே, அப்படியோர் அழைப்பு இல்லை என்பதற்கான பிழை எண்ணை ஏஎக்ஸ் இடத்தில் முன்கூட்டியே எழுதிவிடுகிறது. உண்மையான அழைப்பு எண் வேறோர் இடத்தில் காக்கப்படுகிறது, பெர்ஃபின் ரெஜிஸ்டர் பட்டியலில் அதற்கு இடமில்லை. அதே சாம்பிளில் சிஎக்ஸ் மதிப்பு ஐபியோடும், ஆர்11 மதிப்பு ஃப்ளாக்ஸோடும் (செயலியின் நிலையைக் குறிக்கும் ரெஜிஸ்டர்) பொருந்தினால் ஐயுற வேண்டாம். திரும்பும் முகவரியையும் ஃப்ளாக்ஸையும் அந்த இரண்டில் வைப்பது, சிஸ்டம் காலைத் தொடங்கும் சிஸ்கால் கட்டளையின் இயல்பு.

மறுமொழி

ரெஜிஸ்டர்கள் எனக்கு உண்மையில் பயன்பட்டது மெமரி ஒதுக்கீட்டின் அளவுகளைக் காண்பதற்கே. மெமரி ஒதுக்கும் மல்லாக் ஃபங்ஷனின் வாசலில் புரோப் (அந்த இடத்தை நிரல் எட்டும்போதெல்லாம் சாம்பிள் எடுக்க வைக்கும் குறி) ஒன்றை வைத்து, முதல் உள்ளீடு இருக்கும் டிஐயை மட்டும் பதிந்தால், கேட்கப்பட்ட பைட்டுகளின் எண்ணிக்கை அப்படியே கிடைக்கிறது. ரீஅல்லாக் என்றால் இரண்டாம் உள்ளீடான எஸ்ஐயைப் பார்க்க வேண்டும். காலாக் என்றால் டிஐ, எஸ்ஐ இரண்டையும் பெருக்க வேண்டும். நேர இடைவெளியில் எடுக்கும் சாதாரண சாம்பிள்களில் இதே டிஐயை நம்பக் கூடாது. ஃபங்ஷனின் உடலுக்குள் நுழைந்ததும் கம்பைலர் அதை வேறெதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம், அதற்கு முழு உரிமை உண்டு. எனவே ஒரு ரெஜிஸ்டர் மதிப்பை எவரேனும் என்னிடம் காட்டினால், அது எந்தக் கட்டளையின் முகவரியில் எடுக்கப்பட்டது என்பதையே முதலில் கேட்கிறேன்.