முதியோர் இல்லத்துக்கு ப்ராஜெக்ட் விஷயமாக மெயில் போட்டுப் பத்து நாள் ஆகிறது, பதிலே இல்லை

காமர்ஸ்_கடைசிபெஞ்ச்

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் பிளஸ் ஒன் காமர்ஸ். ஊரில் இருக்கும் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எப்படிச் செலவாகிறது என்று நேரில் விசாரித்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் ஐந்து பேர். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது என்று அவர்களுக்கு மெயில் போட்டோம். போட்டது இதுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், நாங்கள் பள்ளி மாணவர்கள். எங்கள் ப்ராஜெக்டுக்குத் தங்கள் நிறுவனத்தைப் பற்றிய முழு விவரங்களும் தேவைப்படுகின்றன. தங்கள் வரவு செலவுக் கணக்கையும் அனுப்பி வைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். மிகவும் அவசரம்."

இதில் என்ன தப்பு? மரியாதையாகத்தானே எழுதியிருக்கிறோம்? இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

ஆபீஸ்ரூம்_அக்கா

தம்பி, கும்பகோணம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கணக்கு எழுதுகிறேன். கணக்கு என்று பெயர், போன் எடுப்பது, மருந்து வாங்க ஆள் அனுப்புவது, வாசலில் வந்து நிற்பவர்களிடம் பேசுவது எல்லாம் நான்தான். மெயிலை வாரத்துக்கு ஒரு தடவை திறந்தால் பெரிய விஷயம், அதுவும் ஆடிட்டர் ஏதாவது கேட்டால்தான். அதனால் பதில் வரவில்லை என்றால் கோபம் என்று நினைக்காதே, அநேகமாக யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஆனால் பார்த்திருந்தாலும் நான் பதில் போட்டிருக்க மாட்டேன், உண்மையைச் சொல்கிறேன். பள்ளி பெயர் இல்லை, யாருடைய பெயரும் இல்லை, எடுத்ததுமே வரவு செலவுக் கணக்கை அனுப்பு என்றால் யாரப்பா இது என்றுதான் தோன்றும். "முழு விவரம்" என்று கேட்டால் எதிலிருந்து ஆரம்பிப்பது? அப்புறம் அவசரம் உனக்கு, எனக்கு இல்லையே.

முதலில் போன் பண்ணு. காலையில் வேண்டாம், கஞ்சி, மாத்திரை, குளியல் என்று ஓடிக்கொண்டிருப்போம். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைக்கும் வேண்டாம், யாராவது பிறந்தநாள், திதி என்று சாப்பாடு போட வந்திருப்பார்கள். மூன்றரைக்கு மேல் டீ நேரம், அப்போது பேசினால் நிதானமாகப் பதில் கிடைக்கும். பேசும்போது மூன்றே விஷயம் சொன்னால் போதும்: எந்தப் பள்ளி, எத்தனை பேர், எத்தனை நிமிஷம். "அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டு அரை மணியில் கிளம்பினால் அடுத்த தடவை நாங்களே கூப்பிடுவோம்.

கேள்வியையும் சின்னதாக்கு. நீ காமர்ஸ் என்பதால் ஒன்று சொல்கிறேன். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக நன்கொடை கொடுத்தால் கொடுப்பவருக்கு அதற்கான வருமான வரிச்சலுகை கிடையாது. அரிசி மூட்டையாக இறக்கினாலும் கிடையாது, பணமாகக் கொடுத்தால்தான். ஆனாலும் எங்கள் வாசலில் மூட்டைதான் அதிகம் இறங்குகிறது, ஏன் என்று கேட்டுப் பார். அதை மேனேஜர் உட்கார வைத்துப் பேசுவார். பேலன்ஸ் ஷீட் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

அக்கா சொல்வது சரிதான், ஆனால் போனோடு நிறுத்தக் கூடாது. நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக மாணவர்களை அழைத்துக்கொண்டு பல வருஷம் அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பள்ளியின் லெட்டர்ஹெட்டில் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம் கையில் இருந்தால் பாதிக் கதவு தானாகத் திறக்கும். தொடர்பு எண்ணாக உங்கள் எண்ணைப் போடாதீர்கள், பொறுப்பு ஆசிரியரின் எண்ணைப் போடுங்கள். நீங்கள் பதினாறு வயதுப் பிள்ளைகள், உங்கள் எண் முன்பின் தெரியாத இடத்தில் கிடக்க வேண்டாம்.

போவதற்கு முன்னால் அவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். சங்கமா, அறக்கட்டளையா என்பது வாசல் பலகையிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் சங்கம் என்றால் 1975-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கும். நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினாலும் பல நிறுவனங்களின் அடிப்படை விவரம் கிடைக்கும். பலகையில் இருப்பதையே போய்க் கேட்டால், வாசலைக்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

மூணாவது_செமஸ்டர்

போட்டோ பற்றி யாரும் சொல்லவில்லையே. நாங்கள் பிளஸ் டூவில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனோம். நோட்டு, பென்சில் எல்லாம் கொடுத்து குரூப் போட்டோ எடுத்து அன்று ராத்திரியே ஸ்டேட்டஸில் போட்டுவிட்டோம். மறுநாள் காலை இல்லத்திலிருந்து பள்ளிக்குப் போன், ஹெச்.எம். ரூம் வாசலில் ஆறு பேரும் வரிசையாக நின்றோம். இல்லத்துக் குழந்தைகளின் அடையாளம் வெளியே தெரிகிற மாதிரி படம் போடுவது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே என்று அன்றைக்குத்தான் தெரியும்.

முதியோர் இல்லம்தானே என்று நினைக்காதே. காலேஜ் சேர்ந்த பிறகு போன ஓர் இல்லத்தில் ஒரு தாத்தா சொன்னார், ஊரில் எல்லோரிடமும் மகனோடு வெளிநாட்டில் இருப்பதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறாராம். அவர் முகம் உன் சார்ட் பேப்பரில் வந்தால் என்ன ஆகும், யோசித்துப் பார். படம் எடுக்க மாட்டோம் என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடு.

காமர்ஸ்_கடைசிபெஞ்ச்

நன்றி அக்கா, சார், அண்ணா. அப்புறம் அக்கா, நான் தம்பி இல்லை, தங்கச்சி. புதிதாக எழுதிப் பார்த்தேன், சரியா?

"பொருள்: மாணவர் ப்ராஜெக்டுக்காக அரை மணி நேரச் சந்திப்பு வேண்டுதல். ஐயா, எங்கள் பள்ளியின் பதினோராம் வகுப்பு வணிகவியல் மாணவர்கள் ஐவர், நன்கொடை பணமாகவும் பொருளாகவும் வருவதில் உள்ள வேறுபாடு குறித்து ஒரு ப்ராஜெக்ட் செய்கிறோம். ஆதரவற்ற முதியோருக்குத் தாங்கள் ஆற்றும் சேவை மகத்தானது. அடுத்த வாரம் தங்களுக்கு வசதியான ஒரு நாளில், மாலை மூன்றரைக்கு மேல், தங்கள் மேலாளரிடம் ஐந்து கேள்விகள் கேட்க அனுமதி வேண்டுகிறோம். கேள்விகளை இணைத்துள்ளோம். புகைப்படம் எடுக்க மாட்டோம். முடித்ததும் ஒரு பிரதி தங்களுக்குத் தருவோம்."

ஆபீஸ்ரூம்_அக்கா

தங்கச்சியா, சரி சரி, மன்னிச்சுக்கோ. நன்றாக இருக்கிறது. "ஆதரவற்ற" என்று தொடங்கும் அந்த வரியை முழுதாக எடுத்துவிடு. எங்கள் ஆபீஸுக்கு வரும் கடிதத்தையெல்லாம் தாழ்வாரத்துப் பலகையில் குத்தி வைப்போம், பெரியவர்கள் நின்று படிப்பார்கள். ஒரு பாட்டி தமிழாசிரியையாக இருந்தவர், சிவப்புப் பேனா எடுத்துவந்து ஒற்றுப்பிழை திருத்துவார். "ஆதரவற்ற" வந்தால் அடித்துவிட்டு மேலே "பெரியவர்கள்" என்று எழுதிவிட்டுப் போவார். ஐந்து பேரும் வராதீர்கள், ஆபீஸ் அறையில் இரண்டு நாற்காலிதான் இருக்கும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பிரதி தருவோம் என்று எழுதிவிட்டீர்கள், மறக்காமல் கொடுங்கள். என் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கொடுக்கவில்லை.

காமர்ஸ்_கடைசிபெஞ்ச்

வியாழக்கிழமை மூணேமுக்காலுக்கு மிஸ்ஸோடு போய்க் கொடுத்தோம். மெயிலை நிஜமாகவே யாரும் பார்க்கவில்லை, அதன் பாஸ்வேர்ட் முன்னால் வேலை பார்த்தவரிடம் இருக்கிறதாம்! வரும் செவ்வாய் நாலு மணிக்கு இரண்டு பேர் மட்டும் வரச் சொன்னார்கள். ஸ்வீட் வாங்கி வரட்டுமா என்று கேட்டோம், வேண்டாம், பாதிப் பேருக்குச் சர்க்கரை, பழைய நோட்டில் எழுதாத பக்கம் இருந்தால் கிழித்துத் தைத்துக் கொண்டு வாருங்கள், மாத்திரைக் கணக்கு எழுத உதவும் என்றார் மேனேஜர். எங்கள் ஐந்து பேரின் போன வருஷ நோட்டும் முக்கால்வாசி காலிதான், அதில் பிரச்சினையே இல்லை. யார் அந்த இரண்டு பேர் என்பதில்தான் நேற்றிலிருந்து சண்டை.