தங்கைக்கு எட்டு மாதம், ஊருக்குச் சாலை இல்லை: முன்கூட்டியே கீழே கூட்டி வர வேண்டுமா?

சாமைக்காடு:

வணக்கம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் ஜவ்வாது மலை. ஜீப் வந்து நிற்கிற இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால்தான் எங்கள் ஊர். தங்கைக்கு எட்டு மாதம் முடியப் போகிறது. இரண்டாவது பிரசவம். மூத்தவனுக்கு மூன்று வயது, வீட்டிலேயே பிறந்தவன். அப்போது நஞ்சுக்கொடி விழுந்த பிறகு ரத்தம் நிற்காமல் போய் மயங்கிவிட்டாள். ஏதோ பிழைத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை நர்ஸம்மா வீட்டுக்கே வந்து, தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே கீழே வந்து பிரசவ காத்திருப்பு அறையில் தங்கிக்கொள் என்கிறார். அவள் மாமியார் மசியவில்லை. "வலி வந்தால் 108 இருக்கிறது, அதுவரை அங்கே போய் சும்மா உட்கார்ந்திருப்பாளா" என்கிறார். மாப்பிள்ளை குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார். வீட்டில் ஆடு நிற்கிறது, பையன் இருக்கிறான்.

அங்கே தங்குவது உண்மையிலேயே இலவசமா? முன்பே போவது அவசியம்தானா? கார்டில் ரத்தம் (ஹீமோகுளோபின்) 8 என்று எழுதியிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டணத்தான்:

இந்தக் காலத்திலுமா வீட்டில் பிரசவம்? தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம்தானே. பேசாமல் நல்ல தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள்.

பழைய நர்ஸம்மா:

தம்பி, நான் மலையோரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்பதுதான் பதில். தங்குவது இலவசம். தங்கைக்கும், கூட வரும் ஒருவருக்கும் சாப்பாடு உண்டு. ஆனால் ஆஸ்பத்திரி இலவசம் என்றால் போய்ச் சேர்வதும் இலவசம் என்று அர்த்தமில்லை. உங்கள் சம்பந்தியம்மா கணக்குப் போடுவது அந்தச் செலவைத்தான். அவரைத் திட்டாதீர்கள்.

முதலில் மேலே பதில் போட்டவருக்கு. நீங்கள் சொல்வது சரிதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதம் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்ததாக இருக்கிறது. நான் வேலையில் இருந்த காலமெல்லாம் நடந்து போனது அந்த மீதிப் புள்ளிக்காரர்களின் வீட்டுக்குத்தான். சராசரியைப் பார்த்தால் அவர்கள் கண்ணிலேயே பட மாட்டார்கள். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு கேரளாவில் 19, நம்மிடம் 54, அஸ்ஸாமில் 195. நாடு ஒன்றுதான், வித்தியாசம் பத்து மடங்கு. ஒரே மாவட்டத்தில் மலைக்கும் அடிவாரத்துக்கும் இப்படிப் பிரித்துப் போட்டால் அங்கேயும் இடைவெளி தெரியும்.

இப்போது உங்கள் தங்கை. ரத்தம் 8, போன பிரசவத்தில் ரத்தப்போக்கு. இந்த இரண்டும் ஒரே கார்டில் இருந்தால் நான் அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன். குழந்தை பிறந்த பிறகு வருகிற ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ஆளைக் கொண்டுபோய்விடும். உடம்பில் ரத்தம் குறைவாக இருந்தால் அந்த நேரமும் கிடைக்காது. உங்கள் ஊரிலிருந்து வெறும் கையோடு நடந்தாலே ஒன்றரை மணி நேரம் என்கிறீர்கள். டோலி என்றால் எவ்வளவு ஆகும்?

டோலி பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமான மூங்கிலில் கம்பளியைத் தூளி மாதிரி கட்டி, அதில் படுக்க வைத்து, முன்னால் இரண்டு பேர் பின்னால் இரண்டு பேர் தோளில் தூக்குவார்கள். இறக்கத்தில் முன்னால் நிற்பவன் தோளில் மொத்தப் பாரமும் இறங்கும், அதனால் அடிக்கடி ஆள் மாற வேண்டும். ஆக, குறைந்தது எட்டு ஆண்கள் வேண்டும். குடகுக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போன மாதத்தில் ஊரில் எட்டு ஆண்கள் இருக்கிறார்களா? சம்பந்தியம்மாவிடம் இதைக் கேளுங்கள். 108 தார்ச்சாலை வரைக்கும்தான் வரும். அதைக் கூப்பிடவே சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஒருத்தர் ஓட வேண்டும்.

முன்பே கீழே போனால் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாள். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, தேவைப்பட்டால் இரும்புச் சத்து ஊசியை சலைனில் கலந்து ஏற்றுவார்கள். தேதி நெருங்கிப் போனால் அதற்கும் நாள் போதாது, அதனால் இந்த வாரமே ஒரு தடவை இறங்கி வரச் சொல்லுங்கள். எங்கே பிரசவம் வைத்துக்கொள்வது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிடுவார். என்னைக் கேட்டால் ரத்த வங்கி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிதான் அவளுக்குச் சரி. மாத்திரையை டீயோடு விழுங்குகிறாளா என்றும் கேளுங்கள், பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது.

கையோடு ஆதார், தாய் சேய் நல அட்டை, பேங்க் புத்தகம் எடுத்துவரச் சொல்லுங்கள். பிக்மி நம்பர், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த நம்பர், 12 இலக்கம், கார்டில் இருக்கும். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டியிருக்கும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் அரசு தரும் 18,000 ரூபாய் உண்டு. 14,000 பணமாகத் தவணை தவணையாக வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். ஆதாரில் பிறந்த தேதியைப் பாருங்கள். மலையில் பாதிப் பேருக்கு ஜனவரி 1 என்று குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள், வருஷமும் தப்பாக இருக்கும். திட்டத்துக்கு 19 வயது முடிந்திருக்க வேண்டும் என்பதால் அதிலேயே பணம் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும்.

எஸ்டேட் பையன்:

நான் வால்பாறைப் பக்கம். தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம். எங்களுக்குத் தார்ச்சாலை இருக்கிறது, ஆனால் பொள்ளாச்சிக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவு. அண்ணிக்குக் குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று கீழே அனுப்பியபோது, வழியெல்லாம் வாந்தி. தேதிக்கு முன்பே பொள்ளாச்சியில் சொந்தக்காரர் வீட்டில் வைத்திருந்தால் அந்தப் பாடு இல்லை. சொந்தக்காரர் இல்லாதவர்களுக்குத்தான் இந்த மாதிரி அறை வேண்டும். ஒரு கேள்வி அம்மா, வார்டில் காசு கேட்பார்களே? ஆண் பிள்ளைக்கு ஒரு ரேட், பெண் பிள்ளைக்கு ஒரு ரேட் என்று எங்களிடமே வாங்கினார்கள்.

பழைய நர்ஸம்மா:

கேட்பார்கள் தம்பி, இல்லை என்று பூசி மெழுக மாட்டேன். கேட்டால் சுகாதாரத் துறை உதவி எண் 104-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். ஆனால் படுத்திருக்கிறவளுக்கு அந்த நேரத்தில் அந்தத் தைரியம் வராது, வீட்டு ஆள்தான் சொல்ல வேண்டும். கூட இருக்கிற கிழவிக்குப் போன் பேசத் தெரியாது என்பதும் காசு கேட்கிறவனுக்குத் தெரியும், அதனால்தான் அவரிடம் கேட்கிறான்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:

இதே மலையில் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பெயர் சொல்லாமல் கேட்கிறேன். என்னிடம் படித்த பெண், இப்போது 17 வயது. கல்யாணம் ஆகி ஆறாவது மாதம். ஆஸ்பத்திரிக்குப் போனால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) கேஸ் போட்டு மாப்பிள்ளையைப் பிடித்துப்போய்விடுவார்கள் என்று வீட்டில் மறைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்கேன்கூட எடுக்கவில்லை. என்ன செய்வது?

பழைய நர்ஸம்மா:

டீச்சர், இதற்கு இனிப்பான பதில் என்னிடம் இல்லை. 18 வயதுக்குக் கீழே என்று தெரிந்தால் ஆஸ்பத்திரி தகவல் சொல்லியே ஆக வேண்டும், போக்சோ சட்டம் அப்படி. போலீஸ் வரலாம், கேஸும் வரலாம். அதை மறைத்து அழைத்துப் போனால் அடுத்த பெண்ணை யாரும் அனுப்ப மாட்டார்கள். ஆனால் போலீஸ் கடிதம் கொண்டுவா, அப்புறம்தான் பார்ப்போம் என்று அவசர சிகிச்சையை ஒரு டாக்டர் தள்ளிப்போட முடியாது. அதையும் அந்த வீட்டில் சொல்லுங்கள்.

தலைச்சன் பிள்ளை, சின்ன வயசு. இந்தப் பிள்ளைகளுக்குத்தான் பிரஷர் எகிறி வலிப்பு வருகிற பயம் அதிகம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிரஷரும் யூரினும் மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும், அதை உங்கள் ஊர் நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கலாம். தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குவது, இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே இறங்க வேண்டும். பெண்ணின் அம்மாவை மட்டும் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள், ஆண்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குழந்தைகள் உதவி எண் 1098-இல் பேசினால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

சட்டம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளையைக் கட்டிக்கொடுத்த பெரியவர்கள் வெளியே நடமாட, வயிற்றில் சுமக்கிறவள் வீட்டுக்குள் ஒளிந்திருப்பது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். 19 முடியாததால் அந்த 18,000-உம் அவளுக்குக் கிடையாது.

சாமைக்காடு:

எல்லோருக்கும் நன்றி. எட்டு ஆண்கள் கணக்கை மாமியாரிடம் போனில் கேட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டு ஐந்து பேர்தான் என்றார், அதிலும் ஒருவர் என் தாத்தா. வியாழக்கிழமை ஜீப்பில் தங்கையை அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். ஆட்டைச் சின்ன மாமனார் பார்த்துக்கொள்வார். ஆனால் பையன் அம்மாவை விட்டு இருக்க மாட்டான். அவனையும் அறையில் விடுவார்களா? அப்புறம், இதோடு குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துவிடலாம் என்று நர்ஸம்மா சொன்னாராம்.

பழைய நர்ஸம்மா:

பையனைப் பெரும்பாலும் விடுவார்கள், ஆனால் அது அங்கே இருக்கும் சிஸ்டரைப் பொறுத்தது. புதன்கிழமையே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அவனுக்கு ஒரு ஸ்வெட்டர், இரண்டு நாளைக்கு முறுக்கு, பொரி வைத்து அனுப்புங்கள். காத்திருப்பு அறையில் மூன்று வயதுப் பிள்ளை போரடித்து அழ ஆரம்பித்தால் தாய் அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்பிவிடுவாள். இப்படிக் கிளம்பினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷன் அவள் முடிவு, அவசரப்படுத்த விடாதீர்கள். ரத்தம் ஏறாமல் செய்யவும் கூடாது. முன்னே சொன்ன அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 57.8 சதவீதம், ஆண்கள் 0.1. ஆண்களுக்குக் கத்தி வைக்காமலே சில நிமிஷத்தில் முடிந்து அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். மாப்பிள்ளை குடகிலிருந்து வந்ததும் அவரிடம் இதைப் பேசுங்கள். அண்ணன்காரன் நீங்களே பேசினால் இன்னும் நல்லது.