ஸ்காபரோவிலிருந்து வின்னிபெக், தை மாதக் கல்யாணம், காரில், நாயோடு. யாராவது போயிருக்கிறீர்களா?

வீமன்வீடு:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி கடைசி ஞாயிறு காலை வின்னிபெக்கில் நண்பனுக்குக் கல்யாணம். கனடாவில், ரொறன்ரோ ஸ்காபரோவிலிருந்து காரில் போவதாக இருக்கிறேன். நான், அம்மா, அப்புறம் வீமன். வீமன் என்றால் நாய். ஒன்பது வயது, 24 கிலோ, கட்டை மயிர். என்ன இனம் என்று மிருக வைத்தியருக்கே தெரியாது.

"பிளேனில் போங்களேன்" என்று சொல்லப்போகிறவர்களுக்கு: 24 கிலோவை இருக்கைக்குக் கீழே வைக்க முடியாது, சாமான்கள் போகிற இடத்தில்தான் ஏற்ற வேண்டும். வீமன் இடி முழங்கினாலே குளியல் தொட்டிக்குள் ஏறிப் படுக்கிறவன். "எங்கேயாவது விட்டுவிட்டுப் போங்களேன்" என்பவர்களுக்கு: இரண்டு வருடம் முன்பு நாய் பார்க்கிற ஓரிடத்தில் நான்கு நாள் விட்டேன். மூன்று நாள் வாயில் ஒன்றும் வைக்கவில்லையாம். கூட்டிவரும்போது விலா எலும்பை எண்ணலாம்.

உண்மையான காரணம் வேறு. வீமன் மாப்பிள்ளைக்கும் சொந்தம். நாங்கள் இரண்டு பேரும் எக்ளின்ரன் பக்கம் ஒரு பேஸ்மென்ரில் இருந்த காலத்தில் சேர்ந்து எடுத்து வளர்த்த நாய். அவனுக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. ஆகவே நாய் தனியாக இருந்ததே இல்லை. ஐந்து வருடம் முன்பு மனிரோபாவில் வேலை கிடைத்து அவன் இரண்டு சூட்கேஸோடு போனான். வீமன் ஒரு கிழமை கதவடியிலேயே கிடந்தான். இப்போது கல்யாணத்துக்கு அழைக்கும்போது மாப்பிள்ளை சொன்னது: "நீ வராட்டிலும் பரவாயில்லை, அவனை அனுப்பு."

என் திட்டம்: வெள்ளி விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு இரவு வழியில் வாவா என்ற ஊரில் படுப்பது. சனி வாவாவிலிருந்து ஒரே மூச்சில் வின்னிபெக். ஞாயிறு கல்யாணம். கார் 2014 கொரோலா, ஓல் சீசன் ரயர். அமெரிக்கா வழியாகப் போக முடியாது; அம்மாவிடம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான், அமெரிக்க விசா இல்லை.

இரண்டு நாளில் முடியுமா? மைனஸ் 30இல் நாயை எப்படி வெளியே இறக்குவது? இன்னொன்று, வீமன் காரில் ஏறி ஒரு மணித்தியாலத்தில் வீணி வடிப்பான், இரண்டாவது மணித்தியாலத்தில் சத்தி எடுப்பான். அதற்கு என்ன செய்கிறீர்கள்?

பதினெட்டுச்சில்லு:

தம்பி, நான் பதினாலு வருடமாக பிரம்ரன், வின்னிபெக் ட்ரக் ஓட்டுகிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம். உன் வீட்டிலிருந்து 2,100 கிலோமீற்றர். போனில் 22, 23 மணித்தியாலம் என்று காட்டும். அது ஜூலைக் கணக்கு. சட்பரி தாண்டினால் பெரும்பாலும் போக ஒரு பாதை, வர ஒரு பாதை, வேகம் 90. எதிரே ட்ரக் ஒன்று போனால் அது கிளப்புகிற பனித்தூளில் நாலைந்து விநாடி உனக்கு உலகமே வெள்ளை. அந்த நேரம் பிரேக்கை மிதிக்காதே, காலை மெதுவாக எடு, அவ்வளவுதான்.

இந்தப் பயணத்தில் உன்னை மறிக்கப்போகிற இடம் ஒன்றுதான்: சூ சென் மரிக்கும் வாவாவுக்கும் இடையில் இருக்கிற 225 கிலோமீற்றர். பாதை சுப்பீரியர் ஏரிக் கரையோடு ஏறி இறங்கிப் போகும். அந்த ஏரி முழுதாக உறைவது அபூர்வம். உறையாத தண்ணீர் மேலே குளிர் காற்று வந்தால் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டும். சூவில் வெயில் எறித்துக்கொண்டு இருக்கும். ஒரு மணித்தியாலம் ஓடினால் முன்னால் போகிறவனின் சிவப்பு லைற் தெரியாது. பொலிஸ் பாதையைப் பூட்டினால் பூட்டினதுதான். சாப்லோவால் சுற்றிப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, அது ஒரே காடு.

நிப்பிகன் பாலம் இன்னொரு கதை. 2016 ஜனவரியில், புதுப் பாலம் திறந்து ஆறு கிழமைதான், போல்ட் முறிந்து ஒரு பக்கம் 60 சென்ரிமீற்றர் கிளம்பி நின்றது. கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கிற பாதை அந்த இடத்தில் அது ஒன்றுதான். நான் வரிசையில் நின்றேன். மூன்று சோற்றுப் பார்சல் வைத்திருந்ததால் தப்பினேன்.

ஆகவே ஞாயிறு முகூர்த்தம் என்றால் புதன் விடிய வெளிக்கிடு. முதல் நாள் சூ, 710 கிலோமீற்றர். இரண்டாம் நாள் தண்டர் பே, இன்னொரு 700. மூன்றாம் நாள் வின்னிபெக், அதுவும் 700. சனி முழுக்க உனக்கு மிச்சம். அந்த மிச்சத்தைத் தொடாதே, அது பாதைக்குக் கொடுக்க வேண்டிய பங்கு. தண்டர் பேக்கு மேற்கே நேரம் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும், அது லாபம்.

ரயரை மாற்று, பனிக்கால ரயர் போடு. 7 பாகைக்குக் கீழே ஓல் சீசன் றப்பர் இறுகிவிடும். ஒன்ராறியோவில் சட்டம் கேட்காது, ஆனால் மலையும் பனித்துகளும் சேர்ந்த அடையாளம் ரயரின் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. காஸ், அதாவது பெற்றோல், பாதிக்குக் கீழே போக விடாதே. இருட்டினால் ஓடாதே. பாதையில் போடுகிற உப்பை நக்க மூஸ் என்ற பெரிய மான் வரும். ஆள் உயரம், கறுப்பு நிறம், உன் லைற் அதன் காலில்தான் படும். அடித்தால் காலை முறித்துக்கொண்டு உடம்பு கண்ணாடிக்குள்ளால் வரும்.

பனிக்குள் சிக்கினால் காரை விட்டு இறங்கி நடக்காதே. முதலில் சைலன்சர் வாயில் மூடியிருக்கிற பனியை விலக்கு, பிறகு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினைப் போடு. புகை உள்ளே வந்தால் நித்திரையிலேயே முடிந்துவிடும், நாய்க்கும் சேர்த்துத்தான். நாய் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.

மல்லிகைப்பந்தல்:

கல்யாண வீட்டுக்கு நாயைக் கொண்டுபோவதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். தாலி கட்டுகிற நேரம் குரைத்தால் கெட்டிமேளம் என்று நினைக்கச் சொல்வீர்களோ?

வீமன்வீடு:

அக்கா, அங்கே மேளகாரர் இல்லை, ஸ்பீக்கர்தான். குரைத்தால் கொஞ்சம் உயிர் வரும். (மண்டபத்துக்குள் கொண்டுபோகிற எண்ணம் இல்லை, பயப்படாதீர்கள்.)

குளிர்ப்பட்டணம்:

வின்னிபெக்கில் எட்டு வருடம், வீட்டில் இரண்டு நாய். பாதையை அண்ணா சொல்லிவிட்டார், நான் நாயைச் சொல்கிறேன்.

சத்திக்கு மிருக வைத்தியரிடம் மாரோபிட்டன்ட் என்ற மாத்திரை கேளுங்கள். அளவை அவர் எடையைப் பார்த்துச் சொல்வார். வெளிக்கிட இரண்டு மணித்தியாலம் முன்பு ஒரு வாய் சாப்பாட்டோடு கொடுப்பது. அதைத் தவிர காலையில் ஒன்றும் வேண்டாம். பெரிய சாப்பாடு இரவு அறைக்குப் போன பிறகு. புது மருந்தைப் பயண நாளில் முதல்தடவையாகக் கொடுக்காதீர்கள், ஒரு கிழமை முன்பே பக்கத்து ஊருக்கு ஓடிப் பாருங்கள்.

மைனஸ் 30இல் கட்டை மயிர் நாய்க்கு இரண்டு மூன்று நிமிடம்தான். ஒரு காலைத் தூக்கி, பிறகு மற்றக் காலைத் தூக்கி, கடைசியில் எதை வைப்பது என்று தெரியாமல் உங்களைப் பார்க்கும். அப்போது தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சப்பாத்துப் போட இப்போதே பழக்குங்கள். முதல் நாள் கொக்கு மாதிரி நடப்பான், சிரிக்காதீர்கள், கோபம் வரும். சப்பாத்து ஒத்துவராவிட்டால் பாதத்துக்குப் பூசுகிற மெழுகு இருக்கிறது. விரல்களுக்கு நடுவில் பனி உருண்டை கட்டும், இழுக்காமல் கையில் பொத்திப் பிடித்து உருக்குங்கள். காஸ் ஸ்ரேசனில் இறக்கினால் பாதத்தைத் துடைத்துத்தான் காருக்குள் விட வேண்டும். உப்பு மட்டுமல்ல, ரேடியேற்றரிலிருந்து ஒழுகுகிற பச்சைத் தண்ணீர் இனிக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்விடும்.

நீங்கள் சாப்பிடப் போகிற நேரம் அவனைக் காருக்குள் விடாதீர்கள். எஞ்சின் நின்றால் கார் குளிர்சாதனப் பெட்டிதான். ஆளுக்கு ஆள் மாறிப் போய்ச் சாப்பிடுங்கள்.

கடைசியாக, உங்கள் காரில் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கிற புளொக் ஹீற்றர் இருக்காது என்று நினைக்கிறேன். இங்கே காரின் முன்பக்கம் வயர் தொங்கும், இரவில் பிளக்கில் குத்திவிடுவோம். எங்கள் கராஜில் ஓரிடம் இருக்கிறது. வீமனுக்கும் கீழ்வீட்டில் இடம் இருக்கிறது. தனிமடல் போடுங்கள்.

வீமன்வீடு:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். கேட்டுவிட்டுப் பதில் போடாமல் போகிற ஆள் என்று நினைக்க வேண்டாம்.

ரயர் மாற்றினேன். புதன் விடிய வெளிக்கிட்டோம். மாத்திரை வேலை செய்தது. வீணி வடிந்ததே தவிர சத்தி இல்லை. அம்மா பின் இருக்கையில் அவனோடு இருந்து கந்தசஷ்டி கவசம் கேட்டுக்கொண்டே வந்தார். சூவுக்குப் போனபோது வானத்தில் ஒரு முகில் இல்லை. வியாழன் காலை பாதை நிலவரம் சொல்கிற 511ஐத் திறந்தால் வாவா வரைக்கும் பாதை பூட்டு. வெளியே வெயில்! அண்ணா சொன்னதை வாசித்திராவிட்டால் "இவங்களுக்கு விசர்" என்றிருப்பேன். அன்று முழுக்க மொட்டலில். வெள்ளி காலை திறந்தார்கள். வழியில் ஓரிடத்தில் மூன்று ட்ரக் பள்ளத்துக்குள் சரிந்து கிடந்தன. அதற்குப் பிறகு அம்மா கவசத்தைச் சத்தமாகப் போடச் சொன்னார்.

வைற் றிவரில் நிறுத்தினோம். 1914இல் போருக்குப் போன ஒரு ராணுவ மிருக வைத்தியர் ரயில் அங்கே நின்றபோது 20 டொலருக்கு ஒரு கரடிக்குட்டி வாங்கி, தன் ஊர் வின்னிபெக்கின் நினைவாக வின்னி என்று பெயர் வைத்தாராம். பிறகு வின்னி த பூ என்ற குழந்தைக் கதையெல்லாம் வந்தது அந்தக் கரடியால்தான். அங்கே சிலை இருக்கிறது. வின்னிபெக் போகிற மிருகத்தோடு நிற்காமல் போகலாமா? வீமன் சிலையின் அடியில் ஒன்றுக்கு இருந்தான். படம் எடுக்கவில்லை.

தண்டர் பேயில் ஒரு மொட்டல். போனில் கேட்டபோது நாய்க்குச் சரி என்றவர்கள், இரவு எட்டரைக்குப் போய் நின்றால் 20 இறாத்தலுக்கு மேல் நாய் விடமாட்டோம் என்கிறார்கள். அம்மா தமிழிலேயே பேசினார். அவர்களுக்கு விளங்கியது என்று நினைக்கிறேன், ஆனால் அறை கிடைக்கவில்லை. நாலாவது இடத்தில்தான் கிடைத்தது. எடையைச் சொல்லிக் கேளுங்கள், அந்த ஆளின் பெயரையும் எழுதி வையுங்கள்.

சனி இரவு ஏழு மணிக்கு வின்னிபெக். குளிர்ப்பட்டணம் அக்கா வீட்டில் எங்களுக்கு இடியப்பமும் சொதியும், வீமனுக்குச் சோறும் கோழியும். மைனஸ் 29.

ஞாயிறு விடிய ஐந்து மணிக்குக் கதவு தட்டுகிறது. மாப்பிள்ளை. பட்டு வேட்டி, மேலே பெரிய பனிக் கோட், காலில் வீட்டுச் செருப்பு. தலைப்பாகை கட்டுகிறவர் வர முன்னம் ஓடி வந்திருக்கிறான். வீமன் பாய்ந்து விழுவான் என்று நான் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாயவில்லை. வேட்டிக் கரையை மோந்தான், செருப்பை மோந்தான், பிறகு அவனுடைய இரண்டு பாதத்துக்கும் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டான். எட்டு நிமிடம் இருக்கும். அவன் போக வேண்டும், வீமன் எழும்பவில்லை. கடைசியில் நானும் அக்காவுமாகத் தூக்கினோம். மணவறைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் வேட்டியில் முழங்காலுக்குக் கீழே மண்ணிற மயிர் தெரியும்.

மல்லிகைப்பந்தல் அக்கா, தாலி கட்டுகிற நேரம் யாரும் குரைக்கவில்லை.

பதினெட்டுச்சில்லு அண்ணாவிடம் ஒரு உதவி. இக்னேஸ் காஸ் ஸ்ரேசனில் வீமனின் சப்பாத்து ஒன்று தொலைந்துவிட்டது. சிவப்பு, இடது பின்கால். அந்தப் பக்கம் போனால் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். நாலாக விற்கிறார்களே தவிர ஒன்றாகத் தருகிறார்கள் இல்லை.