உஸுமாகி: பயம் வரல, சிரிப்புதான் வருது. எப்படிப் படிக்கணும்?

சுருள்வாசி கேட்டது:
ஜுஞ்சி இட்டோவோட உஸுமாகியை, அதான் ஒரு ஊரையே சுருள் பிடிச்சு ஆட்டுற அந்த ஜப்பான் திகில் மாங்காவை (காமிக்ஸ்), போன்ல படிச்சுட்டு இருக்கேன், 6 அத்தியாயம் முடிஞ்சது. ஓவியம் அபாரம். ஆனா எல்லாரும் சொல்ற அந்தப் பயம் மட்டும் வரவே இல்லை. தலைமுடியும் தலைமுடியும் சண்டை போடுற இடத்துல சிரிப்புதான் வந்துச்சு. ஒவ்வொரு அத்தியாயத்துலயும் யாராவது சுருண்டு சாகுறாங்க, அடுத்ததுல கதாநாயகி கிரியே ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்கூலுக்குக் கிளம்புறா. கதை எங்கேயாவது போகுமா? அப்புறம், ஆஸ்பத்திரி, ரத்தம் உறிஞ்சுறது மாதிரிக் காட்சிகள் எனக்கு ஒத்துக்காது. அது எங்கெல்லாம் வருதுன்னு சொல்லுங்க. ஸ்பாய்லர் பரவாயில்லை, கடைசி அத்தியாயம் மட்டும் வேண்டாம்.

மசிக்கோடு:
முதல்ல ஆப்ல எந்த மோடு வெச்சிருக்கீங்கன்னு பாருங்க. மேலிருந்து கீழே உருட்டுற மோடுன்னா பாதிப் பயம் அங்கேயே போயிடுச்சு. இட்டோவோட வேலையே பக்கம் திருப்புறதை நம்பித்தான் இருக்கு. இடது பக்கத்தோட அடியில, கடைசிக் கட்டத்துல, யாரோ எதையோ பார்த்து முகம் வெளிறி நிப்பாங்க. என்ன பார்த்தாங்கன்னு தெரிய நீங்களே கையால பக்கத்தைத் திருப்பணும். அடுத்த பக்கம் முழுசா அந்தக் கண்றாவி. பெரிய காட்சிகள்ல முக்கால்வாசி இந்தக் கணக்குதான். உருட்டிப் படிச்சா அடுத்த பக்கத்தோட தலைப்பகுதி முன்னாடியே எட்டிப் பார்த்துடும்.

போன்னா ஒத்தைப் பக்கம், வலமிருந்து இடம். டேப்லெட்ல படுக்கவாட்டுல ரெண்டு பக்கமா வைக்கலாம், ஆனா அட்டைப்படத்தைத் தனிப் பக்கமா எண்ணச் சொல்ற வசதியைப் பாருங்க. ஜோடி ஒண்ணு தள்ளிப் போயிட்டா, திருப்பின பிறகு வர வேண்டிய படம் முன்னாடியே பக்கத்துல வந்து உட்கார்ந்துக்கும். சரியா இருக்கான்னு பார்க்க சுலப வழி: ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைஞ்ச படம் ஒண்ணைத் தேடுங்க, நடுவுல கோடு ஒட்டுதான்னு பாருங்க. ஒட்டலன்னா ஒரு பக்கம் நகர்த்துங்க.

இன்னொண்ணு, கோடு. அவர் நிழலை மெல்லிசு மெல்லிசான பேனாக் கோடுகளா அடுக்கித்தான் கொண்டு வருவார். படம் தரம் குறைஞ்சா அந்தக் கோடெல்லாம் ஒட்டிப்போய் சாம்பல் திட்டு ஆயிடும், வானம் சும்மா மேகமூட்டமாத் தெரியும். காசு இருந்தா விஸ் கம்பெனியோட 2013 ஆங்கிலக் கெட்டி அட்டைப் பதிப்பு, மூணு தொகுதியும் ஒரே புத்தகத்துல. கனம்தான் தொல்லை, மடியில வெச்சுதான் படிக்கணும்.

தும்பிக்குளம்:
கதை போகும் நண்பரே, கொஞ்சம் பொறுங்க. 1998, 99-ல் பிக் காமிக் ஸ்பிரிட்ஸ் வார இதழில் வந்த தொடர் இது. மொத்தம் 19 அத்தியாயம், தனியாக ஒரு உபரி அத்தியாயம். 11 வரை ஒவ்வொன்றும் தனிக்கதை போல நிற்கும். 12-ல் புயல் வருகிறது, அதற்குப் பிறகு ஊரைவிட்டு யாராலும் வெளியேற முடியாது, கதை ஒரே ஓட்டமாகப் போகும். 11 வரை ஒரே மூச்சில் படித்தால் அலுக்கத்தான் செய்யும். ராத்திரிக்கு ஒன்று போதும். 12-க்கு அப்புறம் நிறுத்தாமல் படியுங்கள்.

நீங்கள் கேட்ட எச்சரிக்கை: 9-ல் கலங்கரை விளக்கத்தில் கிரியேவுக்குத் தீக்காயம். அதனால் 10, 11 இரண்டுமே ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. 10-ல் கர்ப்பிணிகள் கைத்துளைப்பானோடு ரத்தத்துக்கு அலைகிறார்கள். 11-ல் பிறந்த குழந்தைகளும் தொப்புள்கொடியும். தொடரிலேயே மிக மோசமான இரண்டு இவைதான், கர்ப்பமாக இருப்பவர்கள் கையிலேயே எடுக்க வேண்டாம். விட்டுவிட்டு 12-க்குப் போனாலும் கதை புரியும். 8-ல் மழை நாளில் மட்டும் பள்ளிக்கு வரும் பையன் நத்தையாகிறான். அது பார்க்க ஒருமாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பிற்பகுதியில் பசி வந்தபின் அந்த நத்தைகளை மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பது வயிற்றைக் கலக்கும்.

ராக்கோழி:
சிரிப்பு வந்தது தப்பே இல்ல ப்ரோ. மிசோ சூப்புல சுருள் போட்ட மீன் கேக் இல்லைன்னு ஒரு மனுஷன் வீட்டையே ரெண்டாக்குறான், அது காமெடி இல்லாம என்ன? நமக்குச் சுருள்னா சினிமா ஃப்ளாஷ்பேக் கொசுவத்தி. ஜப்பான் மாங்காவுலயும் கன்னத்துல சுருள் போட்டா அது காமெடிக் குறிதான். அதை வெச்சே பயமுறுத்தணும்னு இட்டோ இறங்கியிருக்கார்.

"ஒண்ணுமே நடக்காத மாதிரி"ன்னு சொல்றதைத்தான் ஒத்துக்க மாட்டேன். முதல் அத்தியாயத்துல கிரியேவோட காதலன் ஷூயிச்சியோட அப்பா செத்து, அவரை எரிக்கும்போது புகை எங்க போய் இறங்குதுன்னு திரும்பப் பாருங்க. தும்பிக் குளத்துல. நாலாவதுல கிரியேவோட அப்பா பானை வனைய மண் எடுக்குறது அதே குளத்துல. அந்தச் சூளையில என்ன வெந்துச்சுன்னு ஞாபகம் இருக்குல்ல? கிரியே மறந்துட்டுப் போறா, ஊர் மறக்கல. ஆளைப் பார்க்காம பின்னணியைப் பாருங்க: மேகம், புல்லு, ஓடைத்தண்ணி. அத்தியாயம் ஏற ஏற இதெல்லாம் சுத்த ஆரம்பிக்கும், யாரும் அதைப் பத்திப் பேச மாட்டாங்க. ஊர்ல இருக்குற பழைய நீள வரிசை வீடுகளையும் கண்ணுல வெச்சுக்குங்க. இந்தக் கதைக்கான முதல் யோசனையே அப்படி ஒரு வரிசை வீட்டுலதான் ஆரம்பிச்சதுன்னு இட்டோவே சொல்லியிருக்கார்.

சுருள்வாசி:
புகையைப் போய்ப் பார்த்தேன், சரிதான். 10, 11 தாண்டிடறேன். 2024-ல வந்த உஸுமாகி அனிமேவை (அனிமேஷன் தொடர்) முதல்ல பார்த்துட்டு வந்தா கெடுமா? முடிச்சதும் அடுத்து என்ன?

மசிக்கோடு:
கெடும். நாலே எபிசோட், எல்லாக் கதையையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாப் பின்னி ஓட்டிட்டாங்க, உங்களுக்கு இழுவையாப் படுற அந்த மெதுவான ஏத்தம் அதுல கிடையாது. முதல் எபிசோட் மட்டும் கருப்பு வெள்ளைக்காகவும் காலின் ஸ்டெட்சன் இசைக்காகவும் பார்க்கலாம். அதுக்கப்புறம் தரம் சரியும்.

தும்பிக்குளம்:
அடுத்ததாக இட்டோவின் இன்னொரு மாங்காவான 'கியோ'வின் கடைசியில் இணைத்திருக்கும் அமிகாரா பிளவுக் கதை. சின்னது, ரத்தம் இல்லை, மலையில் மனித உருவத் துளைகள் மட்டும். 'கியோ'வை இப்போதைக்குத் தொடாதீர்கள், அழுகல் வாடை கதை முழுக்க. அவருடைய 'ஷிவர்' சிறுகதைத் தொகுப்பில் நீண்ட கனவு பற்றிய கதையைப் படியுங்கள், எண்ணெய் வழியும் வீட்டுக் கதையைச் சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம். அவருடைய 'டோமியே' தொடர் 1987-ல் ஆரம்பித்தது, தொடக்கத்தில் ஓவியம் கரடுமுரடு. முதல் கதையைப் படித்துவிட்டுப் பிற்பகுதிக்குத் தாவினாலும் நஷ்டமில்லை.