குடல் அழற்சி நோயாளர் கையேட்டின் தலைப்புக்கு ஒரு சொல்

கல்லடியிலிருந்து:
அன்புடையீர், வணக்கம். குரோன் நோய், புண்ணுடைய பெருங்குடல் அழற்சி ஆகிய நாட்பட்ட குடல் அழற்சி நோய்கள் உள்ளோரின் உடல்நிலையை அளக்கும் சோதனைகளை விளக்கும் சிறு கையேடு, வெள்ளிக்கிழமை மட்டக்களப்பில் அச்சுக்குப் போகவேண்டும். ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம், கையின் பிடிவலு, 30 செக்கனில் கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும் தடவைகள் ஆகியவற்றுக்கெல்லாம் பொதுவாக, பாடநூலில் உள்ள ‘உடற்றகைமை’ என்பதையே தலைப்பில் இட்டிருந்தேன். படித்துப் பார்த்த நோயாளர் ஒருவர், “எந்த வேலைக்குத் தகைமை பார்க்கிறீர்கள்?” என்று கேட்டார். நோயினால் வேலையை விட்டவர் அவர். வேறு சொல் தாருங்கள்.

காரைதீவிலிருந்து:
‘உடற்தகுதி’ என்று எவரும் முன்மொழியுமுன் சொல்லிவிடுகிறேன்: லகரத்தின் முன் வரும் தகரம் றகரமாகும் என்று சொல்லும் “னலமுன் றனவும்” என்ற நன்னூல் விதிப்படி அது ‘உடற்றகுதி’ என்றே புணரும். பொருளைப் பார்த்தால் தகைமை, தகுதி இரண்டுமே பிறர் வழங்கும் தீர்ப்பு. நமக்கு வேண்டியது உடலுக்குள் இருப்பதைச் சுட்டும் சொல். ‘உரன்’ என எண்ணினேன். ஆயின் “உரனென்னும் தோட்டியான்” என்னும் குறளில் அது மனத்திண்மையாகவே நிற்கிறது. ‘வல்’ என்னும் அடியிலிருந்து வல்லமை, வலிமை, வலு, வலி எல்லாம் கிளைத்தன. “வினைவலியும் தன்வலியும்” என்று வள்ளுவர் ஆண்ட ‘வலி’யை மீட்டு, ‘உடல்வலி’ என்று இடலாம்.

ஏறாவூரிலிருந்து:
ஐயா, வயிற்றுக்குத்தோடு வருபவரிடம் ‘உடல்வலி அளவீடு’ என்ற தாளை நீட்டினால், எங்கெங்கே நோகிறது என்றுதான் அவர் சொல்லத் தொடங்குவார். இயன்மருத்துவத்தில் (பிசியோதெரபி) பணிபுரிபவள் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்நோயில் எடை குறையாமலே தசை குறைந்திருக்கக்கூடும். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட் மருந்தான பிரெட்னிசோலோனை நீண்டகாலம் எடுத்தவருக்குத் தொடைத்தசை நலிவதால், கையில் நல்ல பிடி இருந்தும் கதிரையிலிருந்து எழச் சிரமப்படுவார். குருதிச்சோகை உள்ளவரோ எழுந்துவிடுவார், ஆனால் நடையில் இளைத்துப்போவார். நடைச் சோதனைக்கான 30 மீற்றர் நடைபாதைக்கு அருகில் கழிப்பறை இல்லையென்றால், அவசரத்துக்கு அஞ்சி மெதுவாக நடப்பவரின் தூரத்தை வைத்து அவருடைய உடலைப்பற்றி எதுவும் சொல்லமுடியாது. இவற்றையெல்லாம் நம் மக்கள் “பெலன் இல்லை” என்ற ஒரே சொல்லில்தான் சொல்கிறார்கள். ‘உடற்பெலன்’ என்று எழுதினால் என்ன?

காரைதீவிலிருந்து:
‘பலம்’ வடசொல்; ‘பெலன்’ அதன் திரிபு. கலைச்சொல்லாக்கத்தில் உழைத்த விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து அதற்கு நான் இசைய முடியாது. ‘வலி’ வேண்டாமென்றால் ‘உடல்வலு’ ஆகட்டும்.

கல்லடியிலிருந்து:
‘வலு’ நம் பௌதிகப் பாடத்தில் ‘வாட்’ (watt) என்ற அலகில் அளக்கப்படுவது. அதைவிடவும், ஏறாவூர் அம்மா சொன்னபடி நடையில் இளைப்பவருக்குக் குறைவது வலுவன்று, தாங்குதிறன். இரண்டையும் அடக்கும் ‘உடலாற்றல்’ தலைப்பில் நிற்கட்டும்; உள்ளே பிடிவலு, கால்வலு, நடைத்தாங்குதிறன் என்று பிரித்து எழுதுகிறேன். இதற்குப் பெரும்பாலோர் உடன்பட்டுவிட்டனர், காரைதீவு ஐயாவைத் தவிர.

ஏறாவூரிலிருந்து:
உடன்படுகிறேன். ஆனால், “உங்கள் உடம்பில் பெலன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப்போகிறோம்” என்ற வாக்கியம் முதற்பக்கத்தில் இருக்கவேண்டும். அதை நீக்குவதாயின் அச்சுக்கு அனுப்புமுன் எனக்கு அறிவியுங்கள்.