'டிரிஃப்ட்' என்பதற்குச் செறிகோல்: ஒரு முன்மொழிவும் அதன் இணைச்சொல்லும்

அன்புள்ள நண்பர்களே,

வீட்டுப் பட்டறையில் செய்துகொள்ளும் வாணவேடிக்கைக் கைக்கருவிகளின் சொற்பட்டியலில், 'டிரிஃப்ட்' என்பதற்கு நகர்வி, இடிகோல், கெட்டிகோல் ஆகிய மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன்.

கருவியை முதலில் பார்த்துவிடுவோம். தாள் குழலுக்குள் சிறிது சிறிதாக இடப்படும் வெடிமருந்தை ஒவ்வொரு தடவையும் இறுக்கும் தண்டு அது. அதன் தலையில் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியால் தட்டுவார்கள், அல்லது அழுத்துபொறியில் வைத்து அழுத்துவார்கள். ராக்கெட் வகை வாணமானால், குழலின் நடுவே மேல்நோக்கி ஒடுங்கும் கம்பி ஒன்று நிற்கும். அந்தக் கம்பி புகுவதற்காகத் தண்டின் அடியில் துளை இருக்கும். வேலை முடிந்து கம்பியை உருவியதும் மருந்தின் நடுவே நீண்ட வெற்றிடம் மிஞ்சுகிறது. எரியும் பரப்பு அதனால் பெருகுவதால்தான் இவ்வகை வாணத்துக்கு வலுவான உந்துதல் கிடைக்கிறது. தண்டும் கம்பியும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்படுபவை; பெயரையும் இணையாகவே சூட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

'நகர்வி' எழுந்தவுடன் விழுகிறது. ஆங்கிலத்தில் டிரிஃப்ட் என்ற சொல், தள்ளிச் செலுத்துதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. மிதந்து நகர்வது இன்னொரு பொருள். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துக்கொண்டதால் வந்த பிழை இது.

'இடிகோல்' என்பதில் எனக்கு உண்மையான அச்சம் இருக்கிறது. கருவியின் பெயரே கைக்குக் கட்டளையாகிவிடும். இடி என்று படித்தவன் ஓங்கித்தான் இடிப்பான், இரும்புச் சுத்தியலையும் தேடுவான். இரும்பு மோதினால் பொறி பறக்கும். அதனால்தான் பித்தளை, அலுமினியம், மரம் ஆகியவற்றில் இக்கருவிகளைச் செய்கிறார்கள். அதிர்ச்சிக்கும் உராய்வுக்கும் எளிதில் வெடிக்கும் மின்னல்மருந்து (ஃபிளாஷ் பவுடர்) வகைகளை இப்படி இறுக்கவே கூடாது. இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படும் ஒரு பொருளின் பக்கத்தில் 'இடி' என்ற சொல்லை நான் வைக்க மாட்டேன்.

'கெட்டிகோல்' என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பது என்ற வழக்கு நம்மிடம் இருப்பதால், வேர் சரியானதே. சிக்கல் ஒற்றில் இருக்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. குடிநீர், ஊன்றுகோல், நெம்புகோல் வரிசையில் இது கெட்டிகோல். ஆனால் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் 'கெட்டிக்கோல்' என்றே எழுதுவார்கள். அப்போது பொருள் தலைகீழாகிறது: கெட்டியான கோல், உள்ளே துளையில்லாத கோல். துளையில்லாத தண்டும் இந்த வரிசையில் உண்டு. மருந்து கம்பியின் நுனியைத் தாண்டி ஏறிய பிறகு அதைத்தான் எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் அது கம்பியின் நுனியிலேயே போய் மோதும். இரண்டு கருவிகளுக்கும் இடையில் ஒரே ஒரு க் நிற்கும் ஏற்பாட்டை எந்த அச்சுக்கோப்பை நம்பி ஏற்பது?

ஆகவே நான் வைப்பது செறிகோல். செறித்தல் என்றால் இடைவெளியின்றி அடர்த்தியாக்குதல். செறிவு என்ற சொல் பாடநூல்களால் எல்லோருக்கும் பழகியதுதான். இச்சொல் கையின் வேகத்தைப் பேசாமல் விளைவைப் பேசுகிறது: அடிமுதல் நுனிவரை ஒரே சீராக அடர்ந்த மருந்து. தட்டினாலும் அழுத்தினாலும் பொருந்தும். துளையுள்ளது புழைச் செறிகோல், துளையற்றது கெட்டிச் செறிகோல். கேட்டமாத்திரத்தில் இரண்டும் வேறு வேறு.

இனி அந்தக் கம்பி. ஆங்கிலத்தில் 'ஸ்பிண்டில்' என்பதால் 'கதிர்' என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். ராட்டையின் கதிர் சுழல்வது. இது அசையாமல் நிற்பது. 'முளை' என்றால் தரையில் அறைந்த முளையின் கூர்முனை கீழே இருக்கும்; இங்கே மேலே இருக்கிறது. ஜெர்மானியர் இதை முள் என்று பொருள்படும் 'டோர்ன்' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் வாட்டுகம்பியின் பெயரான 'புரோஷ்' என்பதைச் சூட்டியிருக்கிறார்கள். யாரும் புதிதாகச் சொல் வார்க்கவில்லை, கைக்குப் பழகிய பொருளின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். தராசு முள், கடிகார முள் என்று நுட்பமான கருவிகளில் முள்ளை ஏற்கெனவே வைத்திருக்கும் நமக்கு 'வாணமுள்' போதும். அது பொருந்தி நிற்கும் அடித்தளம் முள்மணை. அரிவாள்மணையிலும் துருவுமணையிலும் அலகு மணையிலிருந்து எழுந்து நிற்பது போலத்தான் இதுவும். பழைய புணர்ச்சிப்படி முண்மணை என்று வரும் என்பதை அறிவேன். முள் கண்ணுக்குத் தெரியட்டும் என்றே பிரித்து எழுதுகிறேன்.

சில இடங்களில் ஆக்கமே வேண்டாம். மரச்சுத்திக்குக் கொட்டாப்புளி இருக்கிறது. நான் கடைந்த முதல் செறிகோல் மரத்தாலானது. தட்டத் தட்ட அதன் தலை பிசிறிப் பூவாக விரிந்துவிட்டது. தலையைச் சுற்றிப் பித்தளை வளையம் ஒன்று மாட்டினேன். அதற்குப் பெயர் தேடிப் பட்டியலைப் புரட்டியபோதுதான் உலக்கைப் பூண் நினைவுக்கு வந்தது. பூண் என்றே எழுதுங்கள். தாளைச் சுற்றும் உருளைக்குச் சுற்றுக்கட்டை போதும்.

சொற்களைப் பட்டறை வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன்: "மருந்தை எடுக்குமுன், வெறும் குழலில் புழைச் செறிகோலை வாணமுள்ளின் மேல் இறக்கிப் பார்க்கவும். இடறாமல் இறங்க வேண்டும். முள்மணை ஆடக் கூடாது. பூண் தளர்ந்திருக்கக் கூடாது." தடையின்றி ஓடுகிறது என்றே நினைக்கிறேன்.

முள்ளை உருவியபின் மிஞ்சும் வெற்றிடத்துக்கு மட்டும் எனக்கு இன்னும் மனநிறைவான சொல் கிடைக்கவில்லை. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அதை வாணத்தின் ஆன்மா என்கிறார்கள். 'உயிர்ப்புழை' என்று ஒன்று தோன்றுகிறது. ஆனால் செறிகோலின் துளைக்கும் புழை என்று சொல்லிவிட்டோம். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.