ஹாப்பிஸ்பர்க்கா, ஹேஸ்ப்ராவா? ஆங்கிலேயக் கிராமப் பெயர்களைத் தமிழில் எழுதுவது எப்படி?

வெள்ளவத்தை வாசகர்:
எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்காக, இங்கிலாந்தின் நோர்ஃபோக் பகுதியிலுள்ள ஒரு கடலோரக் கிராமத்தைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கி வருகிறேன். 8 இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதக் காலடித் தடங்கள் 2013இல் கண்டறியப்பட்ட ஊர் அது. எழுத்தைப் பார்த்து 'ஹாப்பிஸ்பர்க்' என்று எழுதியிருந்தேன். நோரிச் நகரில் வாழும் என் மைத்துனர் வரைவைப் படித்துவிட்டு, அதை அங்கே 'ஹேஸ்ப்ரா' என்றுதான் சொல்வார்கள் என்றும், நான் 'வைமொண்ட்ஹாம்' என்று எழுதியது 'விண்டம்' என்றும், 'கொஸ்டெஸி' வெறும் 'கொஸி' என்றும் கூறிச் சிரித்தார். ஆங்கிலத்தில் எழுதுபவர் எழுத்துக்கூட்டலைப் போட்டுவிட்டு ஒலியை வாசகர் பொறுப்பில் விட்டுவிடலாம். தமிழில் எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. எதை எழுதுவது? இதற்கு விதி ஏதும் உண்டா?

கொட்டாஞ்சேனை மொழிபெயர்ப்பாளர்:
ஒலியையே எழுதுங்கள். கிரிக்கெட் செய்திகளில் வரும் 'லெஸ்டர்', 'வூஸ்டர்' ஆகியவையும் இப்படித் தேய்ந்தவையே. இத்தகைய பெயர்களில் முதல் அசை அழுத்தம் பெறுவதால் பின்வரும் அசைகள் நூற்றாண்டுக்கணக்கில் தேய்ந்து போயின. எழுத்துக்கூட்டலோ பழைய ஆவணங்களில் இருந்தபடியே உறைந்துவிட்டது. விண்டம் என்பது விக்மண்ட் என்பவரின் குடியிருப்பு. அந்த மனிதரின் பெயரில் பாதியை ஊர்மக்களின் நாக்கு விழுங்கிவிட்டது. 'பீவர்' (Belvoir) என்னும் ஊரின் கதை வேறு. 'அழகிய காட்சி' என்று பொருள்படும் நோர்மன் பிரெஞ்சுப் பெயரை எழுத்தில் வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பம்பலப்பிட்டியில் வசிப்பவர்:
இவ்வளவு எளிதாகத் தீர்ப்பளிக்க முடியாது என்று நினைக்கிறேன். நாங்களும் ஊர்காவற்றுறையை 'ஊறாத்துறை' என்றும், பருத்தித்துறையைப் 'பருத்துறை' என்றும், சாவகச்சேரியைச் 'சாவச்சேரி' என்றும்தானே பேசுகிறோம்? ஆனால் எழுதும்போது முழுப் பெயரையே எழுதுகிறோம். ஆங்கிலேய ஊர்களுக்கு மட்டும் பேச்சு வடிவத்தை ஏன் எழுத வேண்டும்? மேலும், விதி என்று எதையும் நம்பிவிடாதீர்கள். 'பிஸ்டர்' (Bicester) என்று சுருங்கிய ஊரைப் போலவே எழுத்தில் '-cester' என்று முடியும் 'சைரன்செஸ்டர்' இன்று முழுதாக ஒலிக்கப்படுகிறது. முன்னர் அதற்கும் 'சிசிட்டர்' என்ற குறுக்கம் இருந்தது. 'டேன்ட்ரி' என்று வழங்கிய ஊரும் எழுத்தைப் பின்பற்றி 'டாவென்ட்ரி' ஆகிவிட்டது.

கொட்டாஞ்சேனை மொழிபெயர்ப்பாளர்:
உங்கள் உதாரணம் அருமையானது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஊர்காவற்றுறை என்ற முழு வடிவத்தை வானொலியிலும் மேடையிலும் வாய்திறந்து சொல்கிறோம். 'ஹாப்பிஸ்பர்க்' என்று அந்த ஊரில் எவரும், எந்த மேடையிலும் சொல்வதில்லை. அதைத் தமிழில் எழுதினால், இல்லாத பெயரொன்றை நாமே உண்டாக்கியவர்களாவோம். சைரன்செஸ்டரைப் பற்றி நீங்கள் சொன்னது சரியே; அங்கு இன்றைய முழு ஒலியையே எழுத வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஊரையும் தனித்தனியே விசாரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெள்ளவத்தை வாசகர்:
இருவருக்கும் நன்றி. கட்டுரை முழுவதும் 'ஹேஸ்ப்ரா' என்றே எழுதி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் எழுத்துக்கூட்டல் வேறு என்பதை ஒரு வரியில் விளக்கிவிடுகிறேன். இதைத் தொலைபேசியில் மைத்துனரிடம் சொன்னபோது, 'நோர்ஃபோக்' என்பதிலும் கடைசி அசையில் 'ஓ' ஒலிப்பதில்லை என்று மறுபடி தொடங்கினார். அதை மட்டும் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதும் வழக்கப்படியே விட்டுவிடப் போகிறேன்.